திருப்பூரில் முளைக்கும் தொழில் மன்னார்குடியில் ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: என் மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டுத் திருப்பூரில் நிட்டிங் மெஷின் மெக்கானிக்காக இருக்கிறான். அவனோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் அதற்குள் சொந்தமாகப் பட்டறை போட்டுவிட்டார்களாம். எங்கள் ஊரில் அவன் வயதுப் பிள்ளைகள் யாரும் அப்படிச் செய்யக் காணோம். அரசாங்கம் ஒன்றுதான், வங்கி ஒன்றுதான், மானியமும் ஒன்றுதான். திருப்பூரைவிட எங்களுக்குத் தண்ணீரும் அதிகம். அப்புறம் ஏன் புதுத்தொழில் அங்கே மட்டும் முளைக்கிறது? கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது என்கிறார்கள். உண்மையா? அவன் ஊருக்குத் திரும்பி வந்து ஏதாவது தொடங்கலாமா?

வாசகர், மன்னார்குடி

பதில்: ஒரே கடிதத்தில் மூன்று கேள்விகளை அடக்கிவிட்டீர்கள். "திருப்பூரைவிட எங்களுக்குத் தண்ணீரும் அதிகம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விடையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ரத்தக் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம்.

திருப்பூரில் பனியன் தொழில் தொடங்கியது 1920களில். கல்கத்தாவிலிருந்து பின்னல் இயந்திரங்களை வரவழைத்து முதல் கம்பெனிகளை நடத்தியவர்களில் முஸ்லிம் வணிகர்கள் முன்னால் நின்றார்கள். இன்று கொங்கு நாட்டுத் தொழில் என்று சொல்லும்போது நம் மனதில் வரும் கவுண்டர் சமூகத்தார் அப்போது பெரும்பாலும் காட்டில் பாடுபட்ட விவசாயிகள். பிறகு அவர்கள் பனியன் கம்பெனிகளுக்குள் வந்தது பெரும்பாலும் தொழிலாளிகளாக. 1990களில் திருப்பூரில் தங்கி ஆய்வு செய்த சரத் சாரி, அங்குள்ள முதலாளிகளில் ஏராளமானோர் ஒரு காலத்தில் அதே ஊரில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள் என்பதைத் தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ரத்தத்தில் இருந்திருந்தால் அது முந்தைய தலைமுறைகளிலும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இன்னும் வலுவான சான்று ஒன்று உண்டு. 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி என்ற பொருளாதார அறிஞருடன் சேர்ந்து திருப்பூர் ஏற்றுமதியாளர்களையே ஆராய்ந்தார். கட்டுரை 2004இல் வெளியானது. உள்ளூர்ச் சமூகத்தாரிடம் இருந்த முதலீடு, வெளியிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்களிடம் இருந்ததைவிட மிக அதிகம். ஆனால் உற்பத்தியில் வளர்ந்த வேகம் வெளியாட்களுக்குத்தான் கூடுதல். குறைந்த பணத்தோடு, பின்தங்கிய இடத்திலிருந்து புறப்பட்டவர்கள் சில ஆண்டுகளில் முந்திப் போனார்கள். பிறவித் திறமைதான் காரணம் என்றால் இந்தக் கணக்கு நேர்மாறாக வந்திருக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்குக் கூடுதலாக இருந்தது பணம் புரட்டும் வசதி. பெரியப்பா மகன் கொடுப்பார், மாமனார் கொடுப்பார், சொந்தக்காரர் ஒருவர் நூல் கடன் தருவார். அந்த வசதி உறவு வழியே வருவது.

உங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார்குடிக்கு அருகே இருக்கும் கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்று சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வியாபாரம் செய்தவர்கள். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கதையும் கிட்டத்தட்ட அதுதான். டெல்டாக்காரர்களுக்குத் தொழில் வராது என்று சொல்பவர்கள் இந்த ஊர்களின் பெயரைக் கேட்டால் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆள் இருக்கிறார், துணிச்சலும் இருக்கிறது. கடல் தாண்டிப் போனபோது அது வேலை செய்திருக்கிறது. சொந்த ஊரில் அதற்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ரத்தம் இல்லையென்றால் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்று அடுத்து நினைப்போம். மானியம்தான் விடை என்றால், நீங்களே சொன்னதுபோல, அது எல்லா மாவட்டத்துக்கும் பொது. புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் கிடைக்கும் 25 சதவீத முதலீட்டு மானியம் திருவாரூர் மாவட்டத் தொழில் மையத்திலும் உண்டு, திருப்பூரிலும் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும் ஒன்றை வைத்து, இடத்துக்கு இடம் மாறுவதை விளக்க முடியாது. அரசு தொழிற்பேட்டைகளிலும் இதைப் பார்க்கலாம். தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டு, தொழில் குறைந்த பகுதிகளில் மனை பிரித்துக் கொடுத்தது. மனை கிடைத்த எல்லா ஊரும் ஒரே மாதிரி வளரவில்லை. ஓசூர் பெரிதாக எழுந்தது. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர் இருந்தது அதற்குப் பெரிய காரணம். அங்கே ஏற்கெனவே லேத் பட்டறைகளும், உதிரிபாகக் கடைகளும், பழகிய தொழிலாளர்களும் இருந்தார்கள்.

ஆக, காரணம் ஊருக்குள் இருக்கிறது. அது என்ன என்று காண, உங்கள் மகன் தினமும் பார்க்கும் ஒரு டி-சர்ட்டைப் பின்தொடர்ந்து போவோம்.

நூல் வியாபாரியிடமிருந்து நூல் வாங்கப்படுகிறது. அது ஒரு நிட்டிங் பட்டறைக்குப் போய்த் துணியாகிறது. துணி சலவைப் பட்டறைக்கோ சாய ஆலைக்கோ போகிறது. அங்கிருந்து காம்பேக்டிங், அதாவது துணி பின்னால் சுருங்காமல் இருக்க இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் வேலை. பிறகு கட்டிங். அதன்பின் பவர் டேபிளில், ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களில் தையல். பிரிண்டிங் ஓரிடம், எம்பிராய்டரி ஓரிடம், காஜா பட்டன் இன்னோரிடம். கடைசியில் செக்கிங், அயர்ன், பேக்கிங். தேறாத செகண்ட்ஸ் சரக்குக்கும் காதர்பேட்டைச் சந்தையில் ஆள் காத்திருக்கிறார். பெரிய கம்பெனிகள் சில இதில் பலவற்றை ஒரே கூரைக்குள் வைத்திருக்கின்றன. ஆனால் ஊரின் பெரும்பகுதி இப்படித்தான், ஒரு வேலைக்கு ஒரு பட்டறை என்று, ஜாப் ஒர்க் முறையில் ஓடுகிறது. ஜாப் ஒர்க் என்றால், சரக்கு வேறொருவருடையது, நீங்கள் உங்கள் கட்டத்து வேலையை மட்டும் செய்து கொடுத்துக் கூலி வாங்குகிறீர்கள்.

இதன் பலன் என்ன என்று பாருங்கள். திருப்பூரில் தொழில் தொடங்க நினைப்பவர் பனியன் கம்பெனி தொடங்க வேண்டியதில்லை. பனியனில் பத்தில் ஒரு பங்கு வேலையைத் தொடங்கினால் போதும். கைமடியாக, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளாக, உள்ளே நுழைந்த பையன் டெய்லராகி, பிறகு பீஸ் ரேட்டுக்கு ஆள் சேர்த்து வேலை எடுக்கும் கான்ட்ராக்டர் ஆகிறான். ஒருநாள் வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்து, பழைய மெஷின் நாலைந்தைத் தவணையில் வாங்கிப் போடுகிறான். முதல் ஆர்டர் பெரும்பாலும் அவன் வேலை பார்த்த பழைய முதலாளியிடமிருந்தே வருகிறது. அவன் தையல் எப்படி என்று அவருக்குத் தெரியும், அவர் பணம் எப்போது தருவார் என்று அவனுக்குத் தெரியும். இந்தத் தகவல் இரண்டு பேருக்கும் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. வெளியூரில் இதை அறிய ஒரு வருடமும் ஒரு நஷ்டமும் ஆகும்.

இப்படித் தொழிலுக்குள் கால் வைக்க முதலில் போட வேண்டிய தொகையைப் பொருளாதாரத்தில் நுழைவுச் செலவு என்பார்கள். திருப்பூர் அதைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கிறது. இதுதான் உங்கள் கேள்விக்கு என் விடை. மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

முக்கியமான கிளை ஒன்றைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. திருப்பூரில் தோற்பதும் மலிவு. ஆர்டர் நின்றுபோனால் மெஷினை விற்கலாம், வாங்க அடுத்த தெருவில் ஆள் உண்டு. மறுவாரமே டெய்லராகவோ கட்டிங் மாஸ்டராகவோ இன்னொரு கம்பெனியில் வேலைக்கு நிற்கலாம். கடன் இருக்கும், வருத்தம் இருக்கும், ஆனால் சோற்றுக்கு வழி அடைபடாது. ஊரில் தோற்றவர்கள் நிறையப் பேர் இருப்பதால் தோல்வி ஒரு அவமானமாகவும் நிற்பதில்லை. மன்னார்குடியில் ஒருவர் அதே நாலு மெஷினைப் போட்டுத் தோற்றால் அதை இரும்பு விலைக்குத்தான் எடுப்பார்கள். அவருக்குத் தெரிந்த வேலைக்கு அங்கே வேறு கம்பெனியும் கிடையாது. "அவர் பையன் கம்பெனி வச்சு நொடிச்சுப் போனான்" என்று பத்து வருடம் பேசுவார்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் தயங்குகிறார்கள் என்றால் அது கோழைத்தனம் இல்லை. இரண்டு ஊரிலும் ஒரே முயற்சிக்கு இரண்டு விலை. அதிக விலை உள்ள ஊரில் அவர்கள் சரியாகவே கணக்குப் போடுகிறார்கள்.

ஒரே தொழில் செய்பவர்கள் ஒரே இடத்தில் கூடியிருப்பதால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இந்த அனுகூலத்தைத் திரள் ஆதாயம் என்பார்கள். ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1890இலேயே இதற்கு மூன்று காரணம் சொன்னார். பழகிய ஆட்கள் கிடைப்பது, துணைத்தொழில்கள் அருகிலேயே இருப்பது, தொழில் நுணுக்கம் வாய்வழியாகவே பரவுவது. பிறகு 1961இல் பெஞ்சமின் சினிட்ஸ் என்பவர் அமெரிக்காவின் நியூயார்க்கையும் பிட்ஸ்பர்க்கையும் ஒப்பிட்டு இன்னொன்றைச் சேர்த்தார். கூட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது யாருடைய கூட்டம் என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். பிட்ஸ்பர்க்கில் சில ராட்சத இரும்பாலைகள். தங்களுக்கு வேண்டியதையெல்லாம் அவை தங்களுக்குள்ளேயே செய்துகொண்டன. சின்னப் பட்டறைக்காரருக்கு அங்கே வேலை இல்லை, கடன் கொடுக்கவும் ஆள் இல்லை. நியூயார்க்கில் ஆயத்த ஆடைத் தொழில், ஏராளமான சின்னக் கடைகள். அங்கே புதிதாக வருபவர்களுக்கு இடம் இருந்தது. மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை தொழில் தொடங்குவது குறைவு, சொந்தத் தொழில் செய்பவர் வீட்டுப் பிள்ளை தொடங்குவது அதிகம் என்றும் அவர் சொன்னார். ரத்தத்தில் ஊறியது என்று நாம் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது. அப்பா கடனைச் சமாளித்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பயம் குறைவு.

இது அமெரிக்க விஷயம், நம்மைப் போன்ற நாடுகளுக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். எஜாஸ் கனி, வில்லியம் கெர், ஸ்டீபன் ஓ'கானல் ஆகிய மூவர் இந்தியாவின் மாவட்டங்களையே ஒப்பிட்டு, எங்கே புதுத்தொழில் அதிகம் பிறக்கிறது என்று ஆராய்ந்தார்கள். முன்னால் வந்து நின்றவை இரண்டு: ஒன்று, மாவட்ட மக்களின் கல்வி நிலை; மற்றொன்று, சாலை, மின்சாரம், தண்ணீர், தொலைத்தொடர்பு போன்ற அடிப்படை வசதிகள். இவற்றோடு, தொழிலுக்கு வேண்டிய பொருளைத் தருபவர்களும் அதே வகை ஆட்களை வேலைக்கு வைப்பவர்களும் ஏற்கெனவே உள்ள ஊரில் புதியவர்கள் அதிகம் நுழைகிறார்கள் என்பதும் தெரிந்தது. பதிவு இல்லாத சின்னத் தொழில்களுக்கு, அதாவது அமைப்புசாராத் தொழில்களுக்கு, குடும்பங்களுக்கு வங்கி வசதி எட்டுகிறதா என்பது தனியாக முக்கியமாக இருந்தது. சாலையைப் பற்றிக் கனியும் கெரும் கலந்துகொண்ட இன்னோர் ஆய்வும் உண்டு. தங்க நாற்கர நெடுஞ்சாலையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருந்த மாவட்டங்களில் புதிய தொழிற்சாலைகளும் உற்பத்தியும் பெருகின. அதற்கு அப்பால் ஐம்பது கிலோமீட்டர் வரை உள்ள மாவட்டங்களில் அப்படி நடக்கவில்லை. சாலை ஒன்று சற்றுத் தள்ளிப் போனாலே கணக்கு மாறிவிடுகிறது.

உங்கள் மாவட்டத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். படிப்புக்குக் குறைவில்லை, மின்சாரம் இருக்கிறது, பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. பட்டியலில் பெரும்பகுதி தேறிவிடுகிறது. தேறாதது அக்கம்பக்கத்துத் தொழில்கள். அது ஏன் உருவாகவில்லை என்பதற்குத்தான் நீங்கள் எழுதிய அந்தத் தண்ணீர் வரிக்கு வருகிறேன்.

கொங்கு நாடு மழை மறைவுப் பிரதேசம். வாய்க்காலை நம்ப முடியாத இடங்களில் கிணறு வெட்ட வேண்டியிருந்தது. பாறையை உடைக்க ஆள் வேண்டும், இறைக்கப் பம்பு வேண்டும், பம்பு கெட்டால் சரிசெய்யப் பட்டறை வேண்டும். இத்தனை செலவு செய்து எடுத்த தண்ணீரில் காசு பார்க்கும் பயிரைத்தான் போடுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி அங்கே பரவியது. பருத்தி வந்தால் அரவை ஆலை, அதன்பின் நூற்பாலை. 1930களின் தொடக்கத்தில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்ததும் ஆலைகளும் மோட்டார்களும் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் மின் மோட்டாரே செய்துவிட்டார்கள். ஒவ்வொரு தேவையும் அடுத்த பட்டறைக்கு வேலை கொடுத்தது. திருப்பூர் வழியாக ரயில் 1860களிலேயே ஓடத் தொடங்கிவிட்டது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பனியன் வருவதற்கு முன்பே பருத்தியை வாங்கி விற்கும் சந்தை அங்கே இருந்தது.

டெல்டாவில் தண்ணீர் ஆற்றில் வந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்தால் பாமணி ஆற்றில் வரும், வாய்க்காலில் பாயும், குறுவையோ சம்பாவோ தாளடியோ நெல் விளையும். இது பெரிய வரம், இதில் சந்தேகமில்லை. தமிழ்நாட்டுக்கே சோறு போட்ட ஏற்பாடு. ஆனால் தொழில் பிறக்கும் கோணத்தில் பார்த்தால், நெல் தன் பயணத்தில் மிகக் குறைந்த கைகளைத் தொட்டுப் போகிற பயிர். களத்திலிருந்து நேரடிக் கொள்முதல் நிலையம், அங்கிருந்து கிடங்கு, அங்கிருந்து அரவை ஆலை. டி-சர்ட் போலப் பத்துப் பட்டறை ஏறி இறங்குவதில்லை. கொள்முதல் நிலையம் விவசாயிக்குத் தேவையான பாதுகாப்பு, அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஒருவர் புகுந்து சின்னதாக ஒரு வேலை செய்து பிழைக்க அந்தப் பாதையில் இடைவெளி குறைவு. பணமும் அறுவடைக்கு அறுவடை மொத்தமாகத்தான் வரும். மிஞ்சிய பணம் நிலத்தில் போனது, பிள்ளைகள் படிப்பில் போனது. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது மோட்டாரைக் கோவையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். தண்ணீர் எளிதாகக் கிடைத்ததால் அதைச் சுற்றி வளர்ந்திருக்க வேண்டிய பட்டறைகள் உங்கள் பக்கம் வளரவில்லை.

அப்படியானால் ஊரின் தலையெழுத்து பழைய காலத்திலேயே முடிந்துவிட்டதா? இல்லை. வங்காளதேசத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1970களின் இறுதியில் அங்கே ஏற்றுமதி ஆயத்த ஆடைத் தொழில் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அப்போது பணக்கார நாடுகள் துணி இறக்குமதிக்குக் கோட்டா வைத்திருந்தன, அதாவது எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வரலாம் என்ற உச்சவரம்பு. தென்கொரியாவின் டேவூ நிறுவனத்துக்கு அந்த வரம்பு இடித்தது. வரம்பு இடிக்காத ஒரு நாட்டைத் தேடி, நூருல் காதர் தொடங்கிய தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. 1979இல் தேஷ் தன் ஆட்கள் 130 பேரைக் கொரியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அவர்கள் திரும்பி வந்து சிட்டகாங்கில் வேலையைத் தொடங்கினார்கள். சில வருடங்களுக்குள் அந்த 130 பேரில் 115 பேர் வெளியேறி, சொந்தக் கம்பெனி வைத்தார்கள் அல்லது புதிதாகத் தொடங்கிய வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். அனுப்பிய முதலாளிக்கு அது இழப்புதான், ஆனால் நாட்டுக்கு ஒரு தொழிலே கிடைத்தது. சீனாவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிக ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் நாடுகளின் வரிசைக்கு வங்காளதேசம் வந்துவிட்டது. தொழில் தெரிந்த ஆட்கள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும்போது தொழிலும் கூடப் போகிறது. உங்கள் மகனைப் பற்றி நீங்கள் கேட்டது இதனால்தான் எனக்கு வீண் கேள்வியாகத் தோன்றவில்லை.

சாலையும் துறைமுகமும் வந்த பிறகுதான் தொழில் வரும் என்பதும் முழு உண்மை இல்லை. பாகிஸ்தானின் சியால்கோட் கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஊர். கால்பந்தும் அறுவை சிகிச்சைக் கருவிகளும் செய்து உலகம் முழுவதும் அனுப்புகிறது. அந்த ஊர்த் தொழில்காரர்கள் தாங்களே பணம் போட்டு 1980களில் உலர் துறைமுகம் அமைத்தார்கள். கடலில்லாத ஊரிலேயே சுங்கச் சோதனையை முடித்துச் சரக்கை அனுப்பும் நிலையத்துக்கு அந்தப் பெயர். 2007இல் விமான நிலையமே திறந்துவிட்டார்கள். தொழில் முதலில் வந்தது, வசதி பின்னால் வந்தது. ஆனால் அந்த முதல் கட்டத்தைத் தாண்டுமளவுக்கு அங்கே சின்னப் பட்டறைகளின் கூட்டம் ஏற்கெனவே இருந்தது.

திருப்பூரைப் பார்த்து ஏங்கும்போது அதன் மறுபக்கத்தையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும், அதுவும் மன்னார்குடிக்காரர் என்பதால். சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டு, விஷத்தைத் தேக்கும் அணையாக மாறியது. 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. அந்த நொய்யல் போய்க் கலப்பது காவிரியில். கீழே வாழ்பவர்கள் நீங்கள். உறவு வழியே பணம் புரளும் ஊரில் உறவு இல்லாதவர் வெளியே நிற்கிறார் என்பதும் கண்ணுக்குத் தெரியும் உண்மை. தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் பெண்கள், கம்பெனி போர்டுக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் குறைவு. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவருக்கு நூல் கடன் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. திருப்பூரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் முறையை. சாயத்தை அல்ல. உங்கள் மாவட்டம் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்குள் வருகிறது. அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய் எரிவாயுக் கிணறு, உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவற்றை. லேத் பட்டறையை அது தடுக்கவில்லை.

இனி உங்கள் மகன். ஊருக்கு வந்து பனியன் கம்பெனி வைக்கலாமா என்றால், என் யோசனை வேண்டாம் என்பதே. நூலுக்கும் சாயத்துக்கும் காஜா பட்டனுக்கும் திருப்பூருக்கு ஓடிக்கொண்டே இருப்பார், சம்பாதிப்பது லாரி வாடகைக்குப் போய்விடும். பனியனில்தான் ஆசை என்றால் அங்கேயே, தன் பழைய முதலாளியின் முதல் ஆர்டரோடு தொடங்கட்டும்.

ஊரில்தான் இருக்க வேண்டும் என்றால், ஊரில் ஏற்கெனவே பணம் புழங்கும் இடம் எது என்று பார்க்கட்டும். சம்பா அறுவடை நேரத்தில் சேலம், ஆத்தூர் பக்கமிருந்து அறுவடை இயந்திரங்கள் வரிசையாக உங்கள் ஊருக்குள் வருகின்றன. ஈரம் காயாத வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. பின்னாலேயே வைக்கோல் கட்டும் மெஷின். மணிக்கணக்கில் வாடகை பேசி ஓடும் வண்டிகள் அவை. நடு வயலில் ஒரு பெல்ட் அறுந்தாலோ பேரிங் போனாலோ வண்டிக்காரருக்கும் நஷ்டம், மேகத்தைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்கும் விவசாயிக்கும் நஷ்டம். இங்கே தேவை இருக்கிறது, வேலை சின்னத் துண்டாக இருக்கிறது, நுழைவுச் செலவு ஒரு வெல்டிங் செட்டும் கொஞ்சம் உதிரிபாகமும்தான். பின்னல் மெஷினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைக்கு இது புதிய பாஷை இல்லை. சீசன் முடிந்தபின் பவர் டில்லர், டிராக்டர், மோட்டார், அரிசி ஆலை மெஷின் என்று மற்ற மாதங்களுக்கும் வேலை தேடிக்கொள்ளலாம். ஒரு பட்டறை நின்று காட்டினால் அதில் வேலை பழகியவர்களில் இரண்டு பேர் பிரிந்து போய்த் தனியாகப் போடுவார்கள். அப்போது அவர் கோபப்படக் கூடாது என்று இப்போதே சொல்லிவையுங்கள். தேஷ் கார்மென்ட்ஸிலிருந்து போன 115 பேரின் கதையையும் சொல்லுங்கள்.

வேலையை உடனே விட வேண்டாம். வருகிற தை மாதம் பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு வந்து வயல் வயலாகச் சுற்றட்டும். வண்டி ஓட்டுநர்களிடம் மூன்று கேள்வி: இந்த சீசனில் என்னென்ன உடைந்தது, பாகம் எந்த ஊரிலிருந்து வந்தது, வரும்வரை வண்டி எத்தனை மணி நேரம் நின்றது. பதிலை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். சேலத்திலிருந்து வந்தது என்று அடிக்கடி சொல்லப்படும் பாகங்களை அவர் தம் கடையின் முதல் சரக்காக வாங்கிப் போடலாம். மாவட்டத் தொழில் மையத்தில் கடனுக்குப் போய் உட்காரும்போதும் அந்த நோட்டையே திட்ட அறிக்கையோடு வைக்கச் சொல்லுங்கள்.